சுகாதாரச் சட்டம் கண்ட சட்விக்

பெரியோர் வரலாறுகளைப் படிக்குந்தோறும் அன்பு செலுத்தத் தக்கவர் சிலரையும், நன்றி மட்டுமே செலுத்தத் தக்கவர் சிலரையும் நான் காண்கிறேன். சேர் எட்வின் சட்விக் இரண்டாம் வகையினர். ஒருவனுடைய காணியின் அசுத்தம் அயலவனின் உயிரைக் குடிக்குமாயின் அக்காணிக்குள்ளே சட்டம் நுழையலாம் என்னும் நியதி இங்கிலாந்திலே வேரூன்ற உழைத்தவர்களுள் அவர் தலையாயவர்.

1800ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் மன்செஸ்ரருக்கு அண்மையிலே பிறந்த சட்விக், சட்டம் பயின்று, பெந்தாம் என்னும் பேரறிஞரின் இறுதிக் காலத்தில் அவருக்குச் செயலாளராக அமர்ந்தார். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. உதவி நாடிய ஏழைகளை விடுதிகளில் அடைத்து, கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்த சட்டம் அது. ஏழைகள் அவரை வெறுத்தனர்; அவ்வெறுப்பு நியாயமானதே என்பது என் எண்ணம்.

ஆயினும், அச்சட்டத்தை நடத்திய அலுவலகத்திலேதான் அவர் ஓர் உண்மையைக் கண்டார். உழைப்பாளி காய்ச்சலில் மடிய, அவன் மனைவியும் மக்களும் உதவிக்கு வந்து நின்றனர். வறுமை நோயைத் தருவதுபோலவே நோயும் வறுமையைத் தருகின்றது. நாடெங்குமுள்ள மருத்துவரிடம் விவரங்கள் திரட்டி, 1842இல் தம் பெயரிலேயே பேரறிக்கை ஒன்றை வெளியிட்டார். மன்செஸ்ரரிலே உயர்குடியினரின் சராசரி ஆயுள் 38, தொழிலாளருக்கோ 17. குழந்தைச் சாவுகள் மலிந்தமையே இத்தாழ்வுக்குப் பெருங்காரணம். ரட்லண்ட் நாட்டுப்புறத்திலோ கூலியாளின் சராசரி ஆயுளும் 38 ஆக இருந்தது. ஆகவே, கொன்றது வறுமை மட்டுமன்று, வாழ்ந்த இடமுமாகும்.

அழுக்கு ஏழையின் குணக்கேடு என்று பலர் பேசிய காலம் அது. நீரும் வடிகாலும் இல்லாத முற்றத்தை எந்த இல்லாளாலும் தூய்மையாக வைத்திருக்க இயலாது என்பதை அவ்வறிக்கை உணர்த்திற்று. இதுவே அவருடைய சிறந்த பணி எனக் கருதுகிறேன்.

சட்டங்கள் தொடர்ந்தன. ஒரு வீடு அசுத்தமானதென இரு மருத்துவர் எழுத்தில் உறுதிகூறின், அதனைத் துப்புரவாக்குமாறு நீதவான் கட்டளையிட 1846ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. உரியவர் தவறின், அதிகாரிகளே அதனைச் செய்து செலவை அறவிடலாம். ஆயிரவருள் ஆண்டுதோறும் 23 பேருக்கு மேல் இறக்கும் ஊர்களில், ஊரார் விரும்பாவிடினும் சுகாதாரச் சபை நிறுவலாம் என்றது 1848ஆம் ஆண்டுச் சட்டம். அச்சபையின் எல்லைக்குள் மலகூடமின்றி எவரும் புதுவீடு கட்டலாகாது.

சட்விக்கிடம் பெருங்குறையும் இருந்தது. துர்நாற்றமே நோயைப் பரப்புகின்றதென அவர் நம்பினார். இலண்டன் வீடுகளின் மலக்குழிகளிலிருந்த கழிவு தேம்ஸ் நதியிலே கலக்கவிடப்பட்டது. மக்கள் பலர் குடித்ததும் அந்நதி நீரையே. 1848-49இல் வாந்திபேதி அந்நகரில் ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டுசென்றது. நீரே நோயைக் காவுகின்றதென யோன் சினோ என்னும் மருத்துவர் 1854இல் சோகோப் பகுதியிலே புலப்படுத்தினார். அதே ஆண்டில், காணிக்காரர், நீர்க்கம்பனியார், நகரசபையார் யாவரின் பகையையும் தேடிக்கொண்டிருந்த சட்விக் பதவி இழந்தார். பின்னும் 36 ஆண்டுகள் வாழ்ந்து, 1889இல் சேர் பட்டம் பெற்று, 1890இல் மறைந்தார்.

1862இல் இலங்கையிலும் பொதுத்தொல்லைகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது; நுளம்பு பெருகும் வளவுக்குரியவரைத் தண்டிக்கும் சட்டம் 2007இல் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் படலையில் நிற்கும்போது நமக்குச் சினம் எழுவது இயல்பே. அவர் வரத்தான் வேண்டும். ஆனால் நீரும் வடிகாலும் அவருக்கு முன்னே வந்திருத்தல் வேண்டும். அவையின்றித் தண்டம் மட்டும் வருமாயின், 1842இன் சட்விக்கை மறந்து 1834இன் சட்விக்கையே நாம் பின்பற்றியவராவோம்.