தேவன்: சிரித்துக்கொண்டே காதலைச் சொன்னவர்

ஆர். மகாதேவன் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்த தேவன் என்றால் மூத்தவர்களுக்கு உடனே புரியும்.

1913 செப்டம்பர் 8ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, சில காலம் ஆசிரியராக இருந்தார். ‘மாஸ்டர் ராஜாமணி’ என்ற குறும்புக்காரச் சிறுவனைப் பற்றி எழுதி ஆனந்த விகடனுக்கு அனுப்ப, அப்போது அங்கே ஆசிரியராக இருந்த கல்கி அவரை அழைத்துக்கொண்டார். அன்று தேவனுக்கு வயது 21. நம் கடைசி ஆண்டு மாணவர்களின் வயதுதான்! கல்கி விலகிய பின், 1942 முதல் இறக்கும்வரை அவரே நிர்வாக ஆசிரியர்.

வாரந்தோறும் தொடர்கதை எழுதினார். சாம்புவால் கிடைத்த புகழில் மற்ற நாவல்கள் சற்று மறைந்துவிட்டன என்பது என் எண்ணம். ‘மிஸ்டர் வேதாந்தம்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். செல்வத்தில் வளர்ந்த இளைஞன் தந்தையையும் சொத்தையும் இழந்து, எழுத்தை நம்பிச் சென்னைக்கு வருகிறான். ஊரில் அத்தை மகள் செல்லம். வேலை தேடி அலைச்சல், கையில் காசில்லாத அவமானம், சொல்லவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் ஒரு காதல். இத்தனையையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். காதலிப்பவனின் அசட்டுத்தனத்தைக் கேலி செய்வார். காதலைக் கேலி செய்யமாட்டார். ‘கோமதியின் காதலன்’ 1955இல் டி. ஆர். ராமச்சந்திரன், சாவித்திரி நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பேராக் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் பலரும் அதே தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களே. தேவனின் கதைகளிலோ பெரும்பாலும் மிராசுதார், வக்கீல், குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் அங்கே ஓரமாகத்தான் நிற்கிறார்கள். லயத்து வீட்டிலிருந்து படித்து வந்தவர்களுக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனாலும் ஊரை விட்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலை தேடிப் போய், வாடகை அறையில் உட்கார்ந்து, வீட்டுக்கு மட்டும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களுக்கு வேதாந்தம் அந்நியன் அல்லன்.

எத்தனையோ வீடுகளைச் சிரிக்க வைத்தவருக்கு ஓர் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. வாசகர்கள் விகடன் பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்களே தவிர, தம் நாவல்கள் புத்தகமாக வந்ததை அவர் பார்க்கவில்லை. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு நான்கு மாதம்கூட இல்லாத நிலையில், 1957 மே 5ஆம் நாள் காலமானார். வயது 43. புத்தகங்கள் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிவந்தன.