பனிக்கட்டியோடு மிதந்த வீரர்

1881-ம் ஆண்டு. சைபீரியாவுக்கு வடக்கே "ஜீனெட்" என்ற கப்பல் கடல் பனியில் சிக்கி நொறுங்கியது. 3 ஆண்டுகளுக்குப் பின் அதன் பொருள்கள் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன!

அவ்வளவு தூரம் அவற்றைச் சுமந்து வந்தது யார்? பனிக்கட்டிதான் என்றார் நான்சன். 1861-ல் நார்வேயில் பிறந்த விஞ்ஞானி அவர்.

அதை நிரூபிக்க, வேண்டுமென்றே பனியில் சிக்கிக்கொள்ளத் துணிந்தார். அனுபவசாலிகள் சிலர் இது தற்கொலை என்று எச்சரித்தனர். நான்சன் அஞ்சவில்லை. பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி, உருண்ட அடிப்பாகத்துடன் "பிராம்" என்ற கப்பலைக் கட்டினார்.

1893-ல் 13 பேர் புறப்பட்டனர். பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது, கப்பல் நொறுங்கவில்லை. பனியோடு மிதந்தது.

நான்சன் ஓர் அதிசயத்தைக் கண்டார். காற்று அடித்த திசையில் பனி நேராகப் போகவில்லை. வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி விலகிச் சென்றது. பூமியின் சுழற்சியே காரணம் என்று உணர்ந்தார். பிறகு சுவீடன் விஞ்ஞானி எக்மன் அதைக் கணிதமாக்கினார்.

1896-ல் 13 பேரும் உயிரோடு திரும்பினர்.

அகதிகளுக்குத் தொண்டு செய்து, 1922-ல் சமாதான நோபல் பரிசு பெற்ற நான்சன் 1930-ல் மறைந்தார்.

கடல் பனி, பானையின் மூடி போன்றது. மூடி விலகினால் கடலின் வெப்பம் மேலே எழும்பி வானிலையை மாற்றும். ஆகவே, துருவ வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர்கள் பனியின் நகர்வையும் கணக்கிடுகின்றன. காற்றோடும் நீரோட்டத்தோடும் பூமியின் சுழற்சியும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

அன்று 13 பேர் உயிரைப் பணயம் வைத்துக் கண்ட உண்மை, இன்று பனிக்கடலில் செல்லும் மாலுமிகளைக் காக்க உதவுகிறது!