பணம் ஜெயித்த பந்தயத்தைக் கைத்திறன் பக்கம் திருப்பிய கோவைக்காரர்: யார் இந்தக் கரிவரதன்?

சிவகாசியில் அச்சாகும் நோட்டு அட்டையிலும் காலண்டரிலும் கோயில், குழந்தை, இயற்கைக் காட்சிக்கு அடுத்தபடியாக அதிகம் இடம்பிடித்த படங்களில் ஒன்று ஸ்போர்ட்ஸ் கார். விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல் பக்கத்துப் பையன்கள் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஸ்போர்ட்ஸ் காரை முதலில் பார்த்தது நோட்டு அட்டையில்தான். ரோட்டில் பார்க்க வழியே இல்லை.

அந்தப் படத்தை நிஜமாக்கி, அதையும் ஓரளவு கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவர முடியும் என்று செய்து காட்டியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக 'கரி'. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயம் வரை ஒருவர் போனதற்குப் பின்னால் இவருடைய பட்டறையும் இருக்கிறது.

ஏன் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை?

1980-களின் தொடக்கம் வரை இந்தியாவில் கார் வாங்குபவருக்கு முன்னால் இருந்தவை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு. அவ்வளவுதான். என்ன கார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசின் லைசென்ஸ் முடிவு செய்தது. வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்தால் காரின் விலையைவிட வரி அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மனிதர் வடிவம் கொடுத்ததுதான் பிரிட்டனின் புகழ்பெற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அண்ணன் சென்னையில் தயாரானான். தம்பி இந்தப் பக்கம் வரவே இல்லை.

கோவையின் ஜி.டி.நாயுடு 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். அதற்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஆசைக்கோ திறமைக்கோ குறைவில்லை. அனுமதிதான் தடை.

சோழவரத்தில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் வேகத்துக்கு ஒரே பெரிய திருவிழா, சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெயிலில் நின்று பார்க்கப் பெருங்கூட்டம் கூடும்.

ஆனால் போட்டி சமமாக இருந்ததா? இல்லை. ஒருபக்கம் வீட்டில் ஓட்டுகிற காரையே பின்சீட்டைக் கழற்றிவிட்டு, சைலன்சரை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்கிற மன்னர் குடும்பத்தினரும் தொழிலதிபர்களும். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். கொடி அசைவதற்கு முன்பே யாருக்குக் கோப்பை என்று பாதிக் கூட்டம் சொல்லிவிடும்.

கரிவரதனும் அதே சோழவரத்தில் ஓட்டியவர்தான். 1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அந்த மில்லைத் தொடங்கிய ஜி.குப்புசாமி நாயுடுவின் பேரன். நினைத்தால் அவரும் ஒரு வெளிநாட்டுக் காரை வரவழைத்து ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஓட்டுவதோடு நிற்காமல், காரை வடிவமைக்கவும் கட்டவும் இறங்கினார். அதுதான் அவரை மற்ற பணக்கார ஓட்டுநர்களிடமிருந்து பிரித்தது.

அதற்கு ஏற்ற ஊர் கோவை. பஞ்சாலைகளுக்கு இயந்திரமும், கிணறுகளுக்கு மோட்டாரும் செய்து பழகிய ஊர். வார்ப்படம், லேத், வெல்டிங் எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு டிராயிங்கைக் கொடுத்தால் அதைப் பொருளாக்கித் தர ஆள் கிடைக்கும்.

ஃபார்முலா மாருதி என்றால் என்ன?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார். இதை வைத்து ரேஸா என்று சிரிக்கத்தான் தோன்றும்.

கரிவரதன் கணக்கு வேறு. அந்த இன்ஜின் சின்னது, எடை குறைவு, உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். மாருதி 800-ல் முன்பக்கம் இருக்கும் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரங்களை இயக்கச் செய்தால்? கூரை, கதவு, சீட்டு, கண்ணாடி என்று வேண்டாத எடையையெல்லாம் விட்டுவிட்டால்? அதே சின்ன இன்ஜின் பந்தயக் குதிரை ஆகிவிடும். அப்படி 1988-ல் வந்ததுதான் ஃபார்முலா மாருதி. ஒரே ஒருவர் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் ரேஸ் கார்.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து அமெரிக்காவில் ஃபார்முலா வீ 1960-களில் தொடங்கியது. பிரிட்டனில் 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. உலக சாம்பியன் அயர்டன் சென்னா பிரிட்டனுக்கு வந்து முதலில் ஓட்டியது ஃபார்முலா ஃபோர்டில்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி இன்ஜின். ஜெயித்தால் அது ஓட்டியவரின் ஜெயிப்பு.

கரிவரதன் செய்தது, அந்த யோசனையை இங்கே கிடைக்கிற இன்ஜினுக்கும் இங்கே இருக்கிற பட்டறைக்கும் பொருத்தியது. சிவகாசிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், அதைச் சொந்த மண்ணில் ஊன்றியதும் இதே வழிதான்.

அழகா, வேகமா?

கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் ஓயாத சண்டை இது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன? தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, உறுமும் இன்ஜின் என்பது ஒரு கட்சி. வளைவில் சொன்னபடி திரும்பணும், அதுதான் ஸ்போர்ட்ஸ் கார் என்பது இன்னொரு கட்சி.

ரேஸ் காரில் இந்த இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. அங்கே ஒவ்வொரு கோடும் வேலை செய்வதற்காக வரைந்தது. மூக்கு கூராக இருப்பது காற்றைப் பிளக்க. உடம்பு தரையோடு ஒட்டிக்கிடப்பது, வளைவில் கவிழாமல் இருக்க. இறக்கை இருந்தால், அது விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகப் போட்டது மாதிரி: விமானத்தைத் தூக்குகிற காற்று, இங்கே காரைத் தரையில் அழுத்தும். அழுத்தம் கூடினால் டயரின் பிடிப்பு கூடும்.

அதனால்தான் ஊருக்குள் ஓடும் சின்னக் காரின் டிக்கி மேல் பெரிய ஸ்பாய்லர் பூட்டினால் வேகம் கூடுவதில்லை. அந்த வேகத்தில் அதற்கு வேலையே இல்லை, எடைதான் கூடும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் ரேஸ் காரைப் பார்த்து எடுத்த வடிவம் ரேஸ் காரின் வேலையைச் செய்யும் என்று நம்புவதுதான் தப்பு.

இந்தப் பாடங்களை ஒரு தலைமுறை ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள ஃபார்முலா மாருதி வழிசெய்தது. இன்ஜின் பலம் குறைவு என்பதே நல்ல வாத்தியார். வளைவில் ஒருமுறை வேகத்தை இழந்தால், மறுபடி அதை எட்ட நேரம் பிடிக்கும். தப்பை மறைக்க இன்ஜின் கைகொடுக்காது.

அதில் ஓட்டியவர்கள் எங்கே போனார்கள்?

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய ஓடுதளம் திறந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை அங்கே ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அந்த நாளைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. விமானம் ஓட்டுவதிலும் அவருக்கு அதே பித்து. 1995 ஆகஸ்ட் 24 அன்று சிறு விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41. ஃபார்முலா மாருதி வந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவருக்குப் பின் என்ன மிஞ்சியது?

அவர் வழியைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் கோவையின் பி.விஜயகுமார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் அவர் முயற்சியில் வந்த 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். எல்ஜிபி ஃபார்முலா கார்களும் கோவையிலேயே உருவாயின.

ரேஸ் இன்றைக்கும் ஏழை விளையாட்டு ஆகிவிடவில்லை. டயர், பெட்ரோல், பயிற்சி, பயணம் என்று நடுத்தரக் குடும்பத்துக்கு மலைப்பான செலவுதான். வெளிநாட்டுப் பந்தயம் என்றால் கோடிகளில் பேச வேண்டும். கரிவரதனால் அந்த மதிலை இடிக்க முடியவில்லை. உள்ளே போக ஒரு கதவு வைத்தார். பணம் இருந்தும், பணம் மட்டுமே ஜெயிக்கிற போட்டி அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் அந்தக் கதவு சொல்லும் சேதி.

இப்போது ஷோரூமில் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கிறது. காசு இருந்தால் வாங்கிவிடலாம். அதை வளைவில் ஓட்டத் தெரிவது மட்டும் இன்னும் ஷோரூமில் கிடைப்பதில்லை. அதற்குச் செட்டிப்பாளையம் மாதிரி ஒரு ஓடுதளமும், தப்பை மறைக்காத ஒரு சின்ன இன்ஜினும் வேண்டும்.