ஊமைத்துரை

கட்டபொம்மன் வசனம் பேசச் சொன்னால் நம்ம பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் எழுந்து நிற்போம். ஆனால் அவர் தம்பிக்கு வசனமே கிடையாது. ஏன்னா, அவருக்குப் பேச வராது. குமாரசாமி என்ற பேர் மறைந்து ஊமைத்துரை என்றே நின்றுவிட்டது.

1799 அக்டோபர் 16-ல் அண்ணனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். தம்பியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கோட்டையையும் இடித்தாச்சு. கதை முடிஞ்சதுன்னு கும்பினியார் நினைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2. வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தபோது, விறகு விற்பவர்கள் மாதிரி வந்த ஆட்கள் காவலை மடக்கி ஊமைத்துரையை மீட்டார்கள். ஒரு வாரத்தில் படை துரத்திக்கொண்டு வந்தது. வந்தவர்கள் அசந்துபோனார்கள். தரைமட்டமாகக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழும்பி நிற்குது! கல்கோட்டை இல்லை, மண் கோட்டைதான். அத்தனை சனமும் ராப்பகலாக மண் சுமந்திருந்தால்தானே முடியும்!

பேசாதவர் எப்படிப் படை நடத்தினார்? எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். இடது உள்ளங்கையில் வைக்கோல் துண்டுகளை வைப்பாராம். அதுதான் வெள்ளையர் படை. பிறகு வாயால் உஸ் என்று சத்தம் கொடுத்து, வலது கையால் அதைத் துடைத்துத் தள்ளுவாராம். அவ்வளவுதான், தாக்குதல் ஆரம்பம்! மார்ச் 31-ல் வந்த படையை அப்படித்தான் விரட்டினார்கள்.

மே 24-ல் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து கோட்டையைப் பிடித்தார். ஊமைத்துரை காயம்பட்டுப் பிணங்களோடு பிணமாகக் கிடந்தார். சாயங்காலம் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். மகன் கண்டுகிட்டான், உயிர் இருந்தது. என்னை விடு, சாமியைக் காப்பாத்துன்னு சொன்னானாம். அந்தம்மா பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற பெண்களோடு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்துட்டான்னு ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள். அந்தத் தாயின் பேர் எதிலும் இல்லை.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி போரிட்டார். அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்ட ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து 1801 நவம்பர் 16-ல் தூக்கிலிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்களாம்.

இப்போ அங்கே இருப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அடுத்த சுற்றுலாவுக்கு அங்கே கூட்டிட்டுப் போங்க சார்!