ஐடா ஸ்கடர் அம்மையார்

நோய் முற்றி உள்ளூர் மருத்துவர் கைவிரித்துவிட்டால், வேலூருக்குக் கொண்டு செல்லுங்கள் என்று கூறுவது தமிழ் நாட்டில் பல தலைமுறைகளாக வழங்கிவரும் பேச்சாகும். திண்டுக்கல்லை அடுத்த எரியோடு போன்ற ஊர்களிலிருந்து வேலூர் நெடுந்தொலைவே. ஆயினும் அப்பெயரை அங்கும் அறியாதார் இலர். அவ்வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர், மருத்துவராக வேண்டும் என்று இளமையில் கனவிலும் கருதாத ஒரு பெண்மணி. இந்தியாவில் வாழவும் அவர் விரும்பியதில்லை. அத்தகையவர் தம் முதுமைக் காலத்தைக் கழித்து உயிர் நீத்ததும், இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானல் மலையிலேதான்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், கிறித்தவ மருத்துவத் தொண்டு புரிய 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, முதலில் இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றியவர். மக்களும் பேரர்களுமாக அக்குடும்பத்தார் பலர் இதே தொண்டில் இறங்கினர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. இவ்வாறு குடும்பம் முழுவதும் ஒரே வழியில் செல்வதைக் கண்ட இளம்பெண்ணுக்கு, அவ்வழி தமக்கு வேண்டா என்று தோன்றியதில் வியப்பில்லை. மேலும், அவர் ஆறு வயதுக் குழந்தையாயிருந்தபோது தாது ஆண்டுப் பஞ்சம் இந்நாட்டை வாட்டியது. பசியால் நலிந்த குழந்தைகளுக்குத் தம் சிறு கைகளால் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவர் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. அமெரிக்கா சென்று நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் கல்வி பயின்றபோது, திருமணம் செய்துகொண்டு அந்நாட்டிலேயே இனிது வாழ்வது என்று அவர் உறுதி பூண்டார்.

1890இல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் அப்பொழுது திண்டிவனத்தில் இருந்தனர். தாயார் நலமடைந்தவுடன் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே ஐடா கப்பலேறினார்.

திண்டிவனத்தில் ஓரிரவு அவர் தம் அறையில் தனித்திருந்தார். அந்தணர் ஒருவர் வந்து, தம் இளம் மனைவி மகப்பேற்று வேதனையால் உயிருக்குப் போராடுவதாகக் கூறி, உடனே வருமாறு வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தந்தையாரை அனுப்புவதாகவும் ஐடா விடை கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்க்க எம் வழக்கம் இடந்தராது என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். சிறிது நேரத்திற்கெல்லாம் முஸ்லிம் ஒருவர் வந்தார். அவருக்குப் பின் மற்றோர் இந்து வந்தார. மூவர்க்கும் துன்பம் ஒன்றே, வேண்டுகோளும் ஒன்றே. தந்தையார் அருகிலேயே இருந்தார். மருந்தும் கருவியும் இருந்தன. இருந்தும் பயனில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. ஆள் விடுத்து வினவியபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரியவந்தது.

அவர் கதவை அடைத்துக்கொண்டு இறைவனை நோக்கி மன்றாடினார். அமெரிக்க வாழ்வையும் அங்குள்ள நண்பர்களையும் துறப்பது அவர்க்கு எளிதாக இருந்திருக்க முடியாது. முடிவில் தம் விருப்பத்தை ஒதுக்கி, இறைவன் தம்மிடம் கேட்பது இதுவே எனத் தெளிந்து, மருத்துவம் பயிலப் போவதாகப் பெற்றோரிடம் கூறினார்.

1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். பெண்களை அக்கல்லூரி ஏற்றுக்கொண்டதே அப்பொழுதுதான். புறப்படுமுன், செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் என்பவரின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் வழங்கினார். 1900இன் தொடக்கத்தில் ஐடா வேலூரை அடைந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகித் தொழிலின் நுட்பங்களைக் கற்பது அவர் திட்டம். ஆனால் சில திங்களிலேயே தந்தையார் காலமானார். அனுபவமற்ற அம்மருத்துவர், வீட்டின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலை இட்டுத் தனியே பணி தொடங்கினார். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902இல் 40 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அதற்கும் வரமுடியாத சிற்றூர் மக்களை நாடி, குடியாத்தம் செல்லும் சாலையில் மர நிழல்களில் நின்று அவர் மருந்து வழங்கினார்.

ஒருவர் எத்துணை உழைத்தாலும் இத்தனை பெண்களைக் காக்க இயலுமா? 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி திறந்தார். மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்று அரசாங்க மருத்துவத் தலைவர் ஐயுற்றார். விண்ணப்பித்தவர் 151 பேர்! 1922இல் அப்பள்ளியின் முதல் அணியைச் சேர்ந்த பதினால்வரும் தேறினர்.

அவர் வாழ்வின் கடுஞ்சோதனை, என் கருத்தில், திண்டிவனத்து இரவன்று, முதுமையில் வந்ததே. 1930களின் இறுதியில், மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயரவேண்டும், இன்றேல் மூடவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அதற்கு வேண்டிய பொருளும் ஆசிரியர்களும் கிடைக்கவேண்டுமானால், ஆடவரையும் சேர்த்துக்கொள்வதே வழி எனப் பலர் கூறினர். பெண்களுக்கென்றே கண்ணீருடன் தொடங்கிய நிலையம். பெண்கள் சிறுகச் சிறுக ஈந்த பொருளால் வளர்ந்த நிலையம். ஐடா நெடுநாள் தயங்கினார். பின்னர் இசைந்தார். அதனால் நெடுநாளைய நண்பர் சிலர் மனம் வருந்தி அவரை எதிர்த்தனர். நிலையம் தம்முடையதன்று, இறைவனுடையது என்ற எண்ணம் அவரைத் தாங்கியது. எழுபது வயது கடந்த நிலையில், 1941இல் அமெரிக்கா சென்று, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1942இல் பட்ட வகுப்புத் தொடங்கியது. 1947இல் ஆடவர் சேர்ந்தனர்.

1946இல் அவர் பொறுப்பினின்று விலகினார். பின்னர் அப்பொறுப்பை டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியார் ஏற்று நடத்தினார். பலருக்குத் தாம் கட்டியதைப் பிறர் கையில் விட்டு அகலுதல் கைவருவதில்லை. அம்மையாரோ கொடைக்கானலில் மலையுச்சி என்று பொருள்படும் பெயர்கொண்ட தம் இல்லத்தில் தங்கி, அழைத்தபோது மட்டும் வேலூர் சென்று வந்தார். மலர்களிலும் டென்னிஸ் ஆட்டத்திலும் அவருக்கு முதுமையிலும் விருப்பம் குன்றவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89ஆம் வயதில், அவ்வில்லத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.