கோப்பைக்கு முன்பே கிளம்பிய பயிற்றுநர் ஜான் மெக்லெண்டன்

1962ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பைப்பர்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் பயிற்றுநர், பருவம் பாதியில் இருக்கும்போதே வேலையை விட்டு விலகினார். அணி தோற்றுக்கொண்டிருந்ததால் அல்ல. பட்டத்தை வெல்லக்கூடிய அணிகளில் ஒன்றாகவே அது இருந்தது. அவர் விலகியது சம்பளப் பிரச்சினையால். அதுவும் தம் சம்பளத்துக்காக இல்லை, தம்மிடம் விளையாடியவர்களின் சம்பளத்துக்காக.

அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அமெரிக்கக் கறுப்பினத்தவர். நம் நாட்டில் கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளித் திடல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நம்மவர்கள் காற்பந்து, ஹாக்கி என்று போய்விட்டார்கள். அதனால் இவர் பெயர் இங்கு அதிகம் தெரியாது. ஆனால் கூடைப்பந்து உலகில் இவரை அறியாதவர் குறைவு.

1915 ஏப்ரல் 5ஆம் தேதி கான்சாஸ் மாநிலத்தின் ஹயவாத்தா எனும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். 1933இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தே அங்கு இவருக்கு வழிகாட்டும் ஆசிரியர். 1891இல் அந்த விளையாட்டை உருவாக்கியவரிடமே நேரில் பாடம் கேட்கும் பேறு யாருக்குக் கிடைக்கும்? ஆனாலும் பல்கலைக்கழக அணியில் மெக்லெண்டனுக்கு இடமில்லை. கறுப்பின மாணவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய வழக்கம்.

நீச்சல்குளத்திலும் அதே கதைதான். உடற்கல்வி மாணவர்கள் நீச்சல் தேர்வில் தேற வேண்டும். கறுப்பின மாணவர்கள் மட்டும் குளத்தில் இறங்காமல் இருந்தாலே போதும், தேறியதாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். இவர் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. ஒரு நாள் குளத்தில் இறங்கி நீந்தினார். உடனே குளத்தின் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றினார்கள். நைஸ்மித் இவர் பக்கம் நின்றார். கடைசியில் குளம் எல்லாருக்கும் திறந்தது.

படிப்பை முடித்து, 1940இல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியில் பயிற்றுநரானார். அங்கே 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் ஆட்டம் நடந்தது. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி, சுற்றுவழியாகக் காரில் வந்து இறங்கியது. கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டு ஆடினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடுவதை அந்த மாநிலத்தில் யாரும் பொறுத்துக்கொள்ளாத காலம் அது. வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. மெக்லெண்டனின் அணி 88-44 என்று வென்றது. பிறகு இரண்டு அணிகளையும் கலந்து இன்னோர் ஆட்டமும் ஆடினார்கள். இந்தச் செய்தி பரவலாக வெளியே வந்தது 1996இல்தான். 52 ஆண்டுகள்!

அடுத்து டென்னஸி மாநிலக் கல்லூரி. 1957, 1958, 1959 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டம். போட்டி நடந்த கான்சாஸ் சிட்டியில், மற்ற அணிகள் தங்கும் நகர ஹோட்டலில் தம் பிள்ளைகளும் தங்க வேண்டும், அங்கேயே சாப்பிட வேண்டும் என்று இவர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் கிளீவ்லாந்தில் நடந்தது வியப்பாக இருக்காது.

1959இல் பைப்பர்ஸ் அணிக்கு வந்தார். அப்போது அது நிறுவனங்களின் அணிகள் ஆடும் அமெச்சூர் லீக்கில் இருந்தது. 1961இல் தேசிய அமெச்சூர் பட்டத்தையும் வென்றது. அதற்குள் அணியை வாங்கியிருந்தவர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர். கப்பல் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, வயது முப்பதைச் சுற்றி. பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை வாங்கி, பயிற்றுநர்களை மாற்றி மாற்றி நீக்கியே பெயர் வாங்கியவர் இவர்தான்.

அதே 1961இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்ற புதிய தொழில்முறை லீக் உருவானது. தொடங்கியவர் ஆபே சேப்பர்ஸ்டீன், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை ஆட்ட அணியின் உரிமையாளர். பெரிய லீக்கான என்.பி.ஏ.வில் மேற்குக் கரையில் ஓர் அணி வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர், தாமே ஒரு லீக்கைத் தொடங்கிவிட்டார். எட்டு அணிகள். அவற்றில் ஒன்று ஹவாய் தீவில்! கலிபோர்னியாவிலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் கடல் தாண்டிப் போய் ஆட வேண்டும். பயணச் செலவு ஒரு பக்கம், காலி இருக்கைகள் மறு பக்கம். ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தொலைவிலிருந்து போடும் கோலுக்கு 3 புள்ளி என்ற விதியைத் தொழில்முறை ஆட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்தியது இந்தச் சின்ன லீக்தான். என்.பி.ஏ. அதை எடுத்துக்கொள்ள 1979 ஆனது.

பைப்பர்ஸ் இந்த லீக்கில் சேர்ந்ததும் மெக்லெண்டன் தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அது எவ்வளவு அரிய இடம் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். என்.பி.ஏ.வில் முதல் கறுப்பினப் பயிற்றுநராக பில் ரஸ்ஸல் வந்தது 1966இல்தான். டென்னஸியில் இவரிடம் ஆடிய டிக் பார்னெட்டும், என்.பி.ஏ. அணியான சிராக்யூஸை விட்டுவிட்டு பழைய பயிற்றுநரிடம் வந்து சேர்ந்தார். சிராக்யூஸ் அணி நீதிமன்றம் போனது. அது தனிக்கதை.

பயிற்றுநர் ஓயாமல் ஓடும் வேக ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். முதலாளியோ இருக்கையில் உட்கார்ந்து நடுவர்களைத் திட்டினார், தோற்றால் விளையாட்டாளர்கள் மீது பாய்ந்தார். ஒரு முறை ஹவாய் அணியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இடைவேளையில், தம் விளையாட்டாளர் ஒருவரை அந்த எதிரணிக்கே விற்றுவிட்டார். முதல் பாதியில் நம் பக்கம் ஆடியவர் இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கம். சந்தையில் ஆடு மாடு விற்பவர்கூட மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் விற்பார். மெக்லெண்டனுக்கு இது பொறுக்கவில்லை.

அதற்கு மேல் சம்பளமும் தேங்கத் தொடங்கியது. வீட்டு வாடகை, பிள்ளைகள் செலவு எல்லாம் அந்தக் காசோலையை நம்பி இருந்தன. சம்பள நாள் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மெக்லெண்டன் முன்னால் இரண்டு வழிகள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பதவி நிலைக்கும், ஒருவேளை கோப்பையும் கிடைக்கும். பேசினால், தொழில்முறை அணிகளில் இன்னொரு கறுப்பினப் பயிற்றுநருக்குக் கதவு திறக்குமா என்பதே சந்தேகம். தம் இனத்துக்கே கிடைத்த இடத்தை விட்டுவிட்டாரே என்று சிலர் குறைப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் விளையாட்டாளர்களுக்குச் சம்பளம் வாங்கித் தர முடியாத பயிற்றுநர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கு என்ன பயன்? அவர் விளையாட்டாளர்கள் பக்கம் நின்றார், முதலாளியின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார், கிளம்பினார்.

அவர் இடத்துக்கு பில் ஷார்மன் வந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் முன்னாள் நட்சத்திரம். இவர் பயிற்றுவித்த லாஸ் ஏஞ்சலிஸ் ஜெட்ஸ் அணி அந்தப் பருவத்தின் நடுவிலேயே கலைந்துபோனதால் வேலையில்லாமல் இருந்தார். ஷார்மன் திறமைசாலி, அதில் ஐயமில்லை. இறுதிச் சுற்றில் பைப்பர்ஸ், கான்சாஸ் சிட்டி ஸ்டீர்ஸ் அணியை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்தது. பட்டம் வென்ற பயிற்றுநர் என்று பதிவேட்டில் இருப்பது ஷார்மன் பெயர். ஆனால் அந்த அணியைக் கட்டியவர் யார் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

கோப்பையாலும் அணி பிழைக்கவில்லை. ஸ்டைன்பிரென்னர், ஒஹாயோ மாநிலக் கல்லூரி நட்சத்திரம் ஜெர்ரி லூக்காஸை ஒப்பந்தம் செய்து, அவரைக் காட்டி என்.பி.ஏ.வில் நுழையப் பார்த்தார். பணம் திரளவில்லை. பைப்பர்ஸ் மூடப்பட்டது. 1962 டிசம்பர் 31ஆம் தேதி, இரண்டாவது பருவம் முடியும் முன்பே, லீக்கும் கலைந்தது.

மெக்லெண்டன் மறுபடியும் கல்லூரித் திடலுக்கே போனார். 1966இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் இவரை நியமித்தது. வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுநரான முதல் கறுப்பினத்தவர் இவரே. எந்த ஊரில் பதவியை விட்டாரோ அதே ஊரில். 1969இல் டென்வர் ராக்கெட்ஸ் அணியில் மீண்டும் தொழில்முறைப் பயிற்றுநரானார். 28 ஆட்டங்களில் 9 வெற்றி, 19 தோல்வி. நீக்கிவிட்டார்கள். பிறகு கான்வர்ஸ் காலணி நிறுவனத்தில் சேர்ந்து, பல நாடுகளுக்குப் போய்க் கூடைப்பந்து கற்பித்தார்.

1999 அக்டோபர் 8ஆம் தேதி, 84 வயதில் காலமானார். கூடைப்பந்துப் புகழ் மண்டபம் 1979இல் இவரை விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில் சேர்த்திருந்தது. பயிற்றுநர் என்ற பிரிவில் சேர்க்க 2016 வரை ஆனது. மூன்று பட்டம் வென்ற டென்னஸி அணிக்கும் அங்கே இடம் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தவர் டிக் பார்னெட். 2019இல் அது நடந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.