பறவை நாடி நடந்தார்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உல்லாஸ்நகரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழும் நம் சங்கத்து உறுப்பினர் பதினைந்து பேர், கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மலங்கட் மலையடிவாரத்தை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டோம். போகும்போது பாட்டு, வரும்போது அரட்டை. கால் வலித்ததுதான் கண்ட பலன் என்று சொல்லும்படியாக அந்த நாள் முடிந்திருக்கும். ஆனால் வழியில், நீர் தேங்கிய பள்ளத்தின் ஓரமாக நின்ற முள்மரம் ஒன்றில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கக் கண்டோம். சில கூடுகள் நீண்ட குழலோடு நிறைவாக இருந்தன. சிலவோ பாதியில் நின்றிருந்தன. பார்வைக்குக் கவிழ்த்த தொப்பி போலிருந்தன. இத்தனை பாடுபட்டுப் பின்னிய கூட்டைப் பாதியில் விடுவானேன் என்று ஒருவர் கேட்டார். சோம்பல் என்றார் ஒருவர். பறவை இறந்திருக்கும் என்றார் இன்னொருவர். உண்மை எது என்று எங்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வினாவுக்கு விடை கண்டவர் நம் பம்பாயில் பிறந்தவர், நம்மைப் போலவே பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதியவர், பட்டம் பெறாதவர். அவர்தாம் பறவை அறிஞர் சாலிம் அலி. நடைப்பயணத்தில் நாட்டங்கொண்ட மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வாழ்வு அவருடையது.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், பெரியதொரு குடும்பத்தின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரற்ற அந்தப் பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் கேத்வாடியிலிருந்த தம் வீட்டில் வளர்த்தனர். விடுமுறை வந்தால் குடும்பம் செம்பூருக்குச் செல்லும். செம்பூரா என்று வியக்காதீர்கள். இன்று நம்மவர் பல்லாயிரவர் வாழும் அதே செம்பூர்தான். அன்று அது காடும் குன்றும் சூழ்ந்த சிற்றூர். இரவில் நரி ஊளையிடும். விடியலில் குண்டுகரிச்சான் பாடும். அந்தப் பாட்டொலியே சிறுவனின் உள்ளத்தில் விழுந்த முதல் வித்து எனலாம்.

மாமன் வேட்டைப் பிரியர். அவர் கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு நாள் சிறுவன் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தால் அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு. வீட்டுச் சிட்டுக்கு இப்படி இராதே! மாமன் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அது 1883-இல் எண்மர் கூடித் தொடங்கிய கழகம். அதன் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் கூச்சத்தோடு வந்து நின்ற சிறுவனை விரட்டவில்லை. அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று பெயர் சொன்னார். பேழை பேழையாகத் திறந்து, பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். 1908-இல் நிகழ்ந்த அந்த ஒரு சந்திப்பு ஒரு வாழ்வின் திசையையே மாற்றியது. வினாவோடு வரும் இளைஞனுக்கு மூத்தவர் ஒருவர் செலவிடும் அரைமணி நேரம் எத்தனை பெரிது பாருங்கள்!

ஆனால் பள்ளிப் படிப்பு அவருக்கு எளிதாக இல்லை. தீராத தலைவலி அவரை வாட்டியது; படிப்பு தடைப்பட்டது. 1913-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் கணக்கும் வேதியியலும் மிரட்டின. படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்றார். தொழிலைக் கவனித்தாரோ இல்லையோ, காட்டைக் கவனித்தார். 1917-இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அதே வேளையில் பாதிரியார் பிளாட்டரின் ஊக்கத்தால் தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

நிலையான வேலை மட்டும் வாய்க்கவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாருக்கென ஓர் இடம் இருந்தும், முறையான பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல்தான் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. மாணவரையும் பொதுமக்களையும் கூட்டமாக அழைத்துச் சென்று, கண்ணாடிப் பேழையில் இருப்பவற்றை விளக்கிச் சொல்வதே அப்பணி. ஆனால் பேழையிலுள்ள பறவை அசையாது, பாடாது. தம் அறிவு போதாது என்று அவருக்கே தோன்றியது. 1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லினில் ஸ்ட்ரேசமன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மாணவர் கூட்டமாகச் சேர்ந்து நாட்டுப்புறம் நடக்கும் பழக்கம் ஐரோப்பாவில் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருந்தது. இலண்டனில் 1879-இல் லெஸ்லி ஸ்டீபன் என்னும் எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் குழுவொன்றைக் கூட்டினார். பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் 1901-இல் மாணவர் நடைக்குழு ஒன்று முறையாகத் தோன்றி நாடெங்கும் பரவியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் வாண்டர்ஃபோகல். வலசை போகும் பறவை என்பது பொருள். நடப்பவர்க்கும் பறவைக்கும் உள்ள உறவை அப்பெயரே சொல்லவில்லையா?

1930-இல் தாயகம் திரும்பிய சாலிம் அலிக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நிதி இல்லை என்று அவர் வகித்த பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்து மூன்று, வெளிநாட்டில் பெற்ற பயிற்சி இருந்தது, வேலை இல்லை. நகரத்தில் வாழ்க்கை நடத்த வருவாய் போதவில்லை. கணவனும் மனைவியும் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாகை அடுத்த கிகீம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். உறவினர் என்ன சொல்லியிருப்பர் என்று நாம் ஊகிக்கலாம். படிப்பை முடிக்காதவர், தொழிலில் நிலைக்காதவர், பெற்ற வேலையையும் இழந்தவர் என்று உலகம் தூற்ற எல்லாக் காரணமும் இருந்தது.

அவரோ வீட்டருகே இருந்த மரத்தைப் பார்த்தார். மழை தொடங்கியதும் தூக்கணாங்குருவிகள் அங்கே வந்து கூடு கட்டின. மறைவிடம் அமைத்து, அதனுள் மணிக்கணக்கில் அசையாது அமர்ந்து, நாள்தோறும் நடப்பதைக் குறித்துவந்தார். எவரும் முன்பு முறையாக விளக்காத உண்மை வெளிப்பட்டது. கூடு கட்டுவது ஆண் குருவியே. அது கூட்டைப் பாதியளவு, அதாவது தொப்பி வடிவம் வரும்வரை கட்டிவிட்டு நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து ஆராய்கின்றன. ஒன்றுக்குக் கூடு பிடித்துவிட்டால் அதில் குடிபுகும். அதன் பின்னரே ஆண் குழல்வாயிலைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை நாடும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடுதான் பாதியில் நிற்கிறது. சோம்பலும் அன்று, சாவும் அன்று. நாங்கள் மலங்கட் வழியில் கேட்ட வினாவுக்கு, வேலையிழந்த ஒருவர் 1930-இலேயே விடை எழுதி வைத்துவிட்டார்!

அந்த ஆய்வு அவருக்குப் பெயர் தந்தது. அதன் பின் அவர் நடை நிற்கவே இல்லை. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என ஒவ்வொரு சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுத்தார். சம்பளம் வேண்டா, பயணச் செலவைத் தந்தால் போதும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடுகளைக் கடந்தார். கூடாரத்தில் உடனிருந்து, எழுத்துப் பணியிலும் துணை நின்றவர் தெஹ்மினா. 1939-இல் சிறியதோர் அறுவை சிகிச்சைக்குப் பின் நஞ்சேறி அவ்வம்மையார் மறைந்தார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தை வேலையில் கரைத்தார். 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. படத்தைப் பார்த்துப் பறவையை அறிய எளிய மக்களுக்கும் வழிகாட்டியது அந்நூல். பின்னர் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு இணைந்து, இந்தியாவும் பாகிஸ்தானும் அடங்கிய பெருநிலப்பரப்பின் பறவைக் கையேட்டை 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார்.

பட்டம் இல்லை என்று கதவடைத்த உலகம் பிற்காலத்தில் என்ன செய்தது? பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சி மாணவர்க்கு வழிகாட்டியாக ஏற்றது. பட்டம் பெறாதவர் பட்டங்களுக்கு வழிகாட்டினார்! அவர் மாணவர்க்கு வகுப்பறை காடே. விடியுமுன் எழ வேண்டும், குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும், வீண்பேச்சு ஆகாது, கண்டதை அன்றே எழுத வேண்டும். கூடாரத்தில் குறட்டை விடுபவரை அவருக்கு அறவே பிடிக்காது என்பர். பரத்பூரிலும், நம் தமிழ்நாட்டுக் கோடிக்கரையிலும் அவர் வழிநடத்திய முகாம்களில் வலைவிரித்துப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர். எங்கோ தொலைதூரத்தில் அந்த வளையம் மீண்டும் கண்டெடுக்கப்படும்போது வலசையின் வழி தெரியும். கோடிக்கரை 1967-இல் சரணாலயமாக ஆனதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த குரல்களிலும் அவர் குரல் ஒன்று.

நம் மேகமலைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு 1972-இல் அவர் பெயரையே இட்டனர். 1976-இல் அவர் பத்ம விபூஷண் விருது பெற்றார். பெருந்தொகைப் பரிசு ஒன்றும் அவருக்கு வந்தது. அதை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ஆம் நாள், தொண்ணூறு வயதைக் கடந்து, தாம் பிறந்த பம்பாயிலேயே மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் நிறுவிய பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு குறையையும் மறைக்க வேண்டா. அவர் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். அக்காலத்து அறிவியல் முறை அதுவாயிருந்தது. ஆனால் துப்பாக்கியில் தொடங்கியவர் காவலில் முடித்தார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நண்பர்களே! நம் உல்லாஸ்நகர் எப்படிப் பிறந்தது? உலகப் போர்க்காலப் படைமுகாம், 1947-க்குப் பின் சிந்துவிலிருந்து வந்த ஏதிலியர்க்குப் புகலிடமாயிற்று. 1949 ஆகஸ்டு 8-இல், அன்று கவர்னர் ஜெனரலாயிருந்த நம் இராசாசி அடிக்கல் நாட்ட, உல்லாஸ் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ஆற்றின் பெயரை நாள்தோறும் சொல்கிறோம். அந்த ஆற்றங்கரையில் எந்தப் பறவை வாழ்கிறது என்று நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? சாலிம் அலி கேட்ட செம்பூர்க் குண்டுகரிச்சானின் காடு போய்விட்டது. நம் ஊர்ப்புறத்தில் எஞ்சியிருப்பதையாவது, போகுமுன் பெயர் சொல்லி அறிய வேண்டாவா?

தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று நம் தோழர் ஒருவர் அண்மையில் சங்கக் கூட்டங்களுக்கே வராமல் ஒதுங்கியிருக்கிறார். பாதியில் நின்ற கூட்டைக் கட்டிய குருவி அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடுகிறது என்பதை அவரிடம் யாராவது சொல்லுங்கள். அடுத்த நடைப்பயணத்துக்கு அவரையும் அழைத்து வாருங்கள். விடியுமுன் புறப்படுவோம். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். வாயில் பாட்டு சற்றே குறையட்டும்.